பாப்பாவைப் படம் எடுக்க எந்த கேமரா?

'சித்த வைத்தியருக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது! கைக்குழந்தையோடு என்னிடம் வரும் தாய்மார்கள் இப்போதெல்லாம், "நேத்து ராத்திரி இப்படி இருந்துச்சு டாக்டர்" என்று வாயால் சொல்வதோடு நிற்பதில்லை. செல்போனை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். உடம்பில் வந்த தடிப்பு, மலத்தின் நிறம், மூச்சு இழுக்கிற சத்தம்... எல்லாம் படமாகவும் வீடியோவாகவும் வந்துவிடுகிறது.

கூடவே இன்னொரு கேள்வியும் வரும். இது பெரும்பாலும் புதிதாக அப்பா ஆனவர்கள் கேட்பது.

"சார், பாப்பாவை போட்டோ எடுக்க நல்லதா ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். கடையில அறுபதாயிரம் சொல்றாங்க. மாசத் தவணை உண்டாம். வாங்கிடட்டுமா?"

பக்கத்தில் நிற்கும் மனைவி ஒன்றும் பேசமாட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வீட்டில் இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு 'பேச்சுவார்த்தை' நடந்திருக்கிறது என்று!

ஆசை நியாயமானதுதான். பொக்கை வாய்ச் சிரிப்பு திரும்ப வராது. இன்றைக்குக் குப்புற விழுந்த பிள்ளை அடுத்த மாதம் தவழும். அதனால் எடுங்கள், நிறைய எடுங்கள். ஆனால் எதை வாங்குவது, எவ்வளவு செலவு செய்வது, எடுத்த படத்தை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எடுங்கள். கேமரா உங்கள் பிள்ளையின் கண்ணைக்கூடக் காப்பாற்றலாம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் குடும்பக் கணக்கு

பிள்ளை பிறந்த வீட்டில் பணம் தண்ணீராய்ச் செலவாகும். தாய்க்குச் சத்தான சாப்பாடு, குழந்தையின் பரிசோதனைகள், திடீரென்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் கையிருப்பு... இவ்வளவும் போக மிச்சம் இருக்கிற பணத்தில்தான் கேமரா. தவணையில் மட்டும் வாங்காதீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வும் மன நிம்மதியும்தான் முதல் மருந்து. மாதாமாதம் ஐந்தாம் தேதியை நினைத்துப் பயப்படுகிற வீட்டில் அந்த மருந்து கிடைக்காது.

இன்னொன்று. விலை உயர்ந்த கேமரா வாங்கிய பல வீடுகளில் நடப்பது என்ன தெரியுமா? பாப்பா ஒரு வேடிக்கை செய்யும். கேமரா பீரோவுக்குள் பையில் இருக்கும். சாவி தேடி, பையைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் பாப்பா தூங்கிவிடும்! கை எட்டும் தூரத்தில் இருக்கிற சாதாரண கேமராதான் வீட்டுக்கு உதவும்.

செல்போன் போதுமா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

கையில் ஏற்கெனவே உள்ள செல்போன் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். சந்தேகம் இருந்தால் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று: பகலில் ஜன்னல் ஓரம் யாரையாவது உட்காரவைத்து முகத்தை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் இமை முடிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா?

இரண்டு: ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில், கையை மெதுவாக ஆட்டச் சொல்லி எடுங்கள். கை அடையாளம் தெரிகிறதா, அல்லது ஒரே கலங்கலாக இருக்கிறதா?

மூன்று: இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். ஃபேன் சத்தத்துக்கு நடுவே பேச்சு தெளிவாகக் கேட்கிறதா?

மூன்றில் இரண்டு தேறினால் கேமராவுக்குச் செலவு வேண்டாம். அந்தப் பணத்தைச் சேமிப்பில் போடுங்கள்.

'என் செல்போனில் எல்லாமே மங்கலாகத்தான் விழுகிறது' என்கிறீர்களா? முதலில் லென்சைத் துடையுங்கள்! சிரிக்காதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் கை நிறைய தேங்காய் எண்ணெய், பவுடர், பால் பிசுக்கு. அதே விரல்தான் லென்ஸ் மேலும் படும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் பாதி 'கோளாறு' அங்கேயே குணமாகிவிடும்.

செல்போன் நிஜமாகவே பழையது என்றால், தனியாகக் கேமரா வாங்குவதைவிட செல்போனையே மாற்றுவது சிக்கனம். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் 'ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன்' வசதி உண்டா? சுருக்கமாக 'ஓ.ஐ.எஸ்.' என்பார்கள். இரண்டு, சேமிப்பு இடம் 128 ஜி.பி.க்குக் குறையாமல் இருக்கிறதா? பின்பக்கம் மூன்று கண், நான்கு கண் என்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒரு கண்தான் ஒழுங்காக வேலை செய்யும். மற்றவை எண்ணிக்கைக்கு!

மெகாபிக்சல் மாயை

'108 மெகாபிக்சல்', '200 மெகாபிக்சல்' என்று விளம்பரம் கூவுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்களேன். ஆல்பத்தில் ஒட்டுகிற 6க்கு 4 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 1800க்கு 1200 புள்ளிகள். அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சுவரில் மாட்டுகிற 12க்கு 8 அங்குலப் படத்துக்கே 9 மெகாபிக்சல் தாராளம். இப்போது கடையில் விற்கிற எந்தக் கேமராவும் இதைத் தாண்டிவிடும்.

படத்தின் அழகைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற 'சென்சார்' என்ற சில்லின் அளவு. அந்தக் காலத்து ஃபிலிமுக்குப் பதிலாக வந்தது இது. சென்சார் பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே போகும். வாய் அகன்ற பாத்திரத்தில் மழைத் தண்ணீர் சீக்கிரம் நிரம்புகிற மாதிரி! சாதாரண செல்போனில் இது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸ் மாற்றக்கூடிய ஆரம்ப நிலைக் கேமராக்களில் ஏறக்குறைய 22க்கு 15 மில்லிமீட்டர். விலை குறைந்த செல்போன் பலவற்றின் சென்சாரைப்போலப் பரப்பில் பத்து மடங்குக்கு மேல். ராத்திரி நேரத்துப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

தனிக் கேமரா யாருக்கு?

உங்களுக்குப் படம் எடுப்பதில் நிஜமான ஆர்வம் இருக்கிறது, பாப்பா வளர்ந்த பிறகும் எடுப்பீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் கை பட்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. எல்லாரும் 'மிரர்லெஸ்' என்ற புது வகைக்கு மாறிவருவதால் பழையவற்றின் விலை இறங்கியிருக்கிறது. பாப்பாவின் படத்துக்கு அதுவே அதிகம்.

பழசு வாங்கும்போது நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு.

* ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்ப நிலை மாடல்களின் ஷட்டர் ஆயுள் பொதுவாக ஒரு லட்சம் முறை வாக்கில் சொல்லப்படுகிறது. இருபது, முப்பதாயிரம் ஓடியது என்றால் பயப்பட வேண்டாம்.

* லென்சைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில் லென்சுக்கு வருகிற சொறி! எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

* லென்சை மாட்டி, ஆட்டோ ஃபோகஸ் சரியாக வேலை செய்கிறதா என்று பத்துப் படமாவது எடுத்துப் பாருங்கள்.

* பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, பில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

கேமராவோடு வழக்கமாக 18-55 என்ற ஜூம் லென்ஸ் வரும். பகலுக்கு நல்லது. ராத்திரிக்குப் போதாது. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 'எஃப் 1.8' என்று எழுதியிருக்கிற ஒரு சாதாரண 50 எம்.எம். லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூம் லென்சை முழுக்க நீட்டினால் அதன் திறப்பு 5.6தான். இந்தச் சிறிய லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீடு சின்னது, பின்னால் நகர்ந்து எடுக்க இடம் இல்லை என்றால் 50க்குப் பதில் 35 எம்.எம். பாருங்கள்.

தவழுகிற பிள்ளையை எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஒரு செகண்டில் 250ல் ஒரு பங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் பிள்ளை இருந்த இடத்தில் ஒரு மேகம்தான் விழும்!

கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சூரணத்தை ஈரம் படாமல் வைக்கிற அதே பக்குவம்தான். அரிசி டப்பாவில் மட்டும் போடாதீர்கள், தூசி உள்ளே போய்விடும்.

வீடியோவுக்கு...

வீடியோவுக்கென்று தனியாக 'கேம்கார்டர்' இன்று வீட்டுக்குத் தேவையில்லை. செல்போனே போதும். ஆனால் சில பழக்கங்கள் வேண்டும்.

செல்போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள், டி.வி.யில் போட்டால் திரை நிறைந்து தெரியும். ஒரு காட்சி பத்து முதல் இருபது செகண்ட் இருந்தால் போதும். அரை மணி நேரம் ஓடுகிற வீடியோவை எடுத்தவரே பார்க்கமாட்டார்! நீங்கள் பாப்பாவின் உயரத்துக்குக் குனியுங்கள். பேச்சை நிறுத்தாதீர்கள். பாட்டி பாடுகிற தாலாட்டும் தாத்தாவின் இருமலும்தான் பிற்காலத்தில் மதிப்புள்ளவை.

ராத்திரி வீடியோவில் டியூப்லைட் துடிக்கிற மாதிரி தெரிகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செட்டிங்ஸில் 'ஆன்டி ஃபிளிக்கர்' என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வைத்துவிடுங்கள்.

இடக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'ஃபுல் எச்.டி.' தரத்தில் ஒரு நிமிட வீடியோ சுமார் 60 முதல் 130 எம்.பி. பிடிக்கும். '4கே' என்றால் 170 முதல் 350 எம்.பி. வரை. அதாவது 64 ஜி.பி. இடத்தில் 4கே வீடியோ மூன்று மணி நேரத்திலேயே நிரம்பிவிடக்கூடும். தினசரிக் காட்சிகளுக்கு ஃபுல் எச்.டி. போதும். பெயர் வைக்கிற நாள், முதல் பிறந்தநாள் போன்றவற்றுக்கு 4கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷும் குழந்தையின் கண்ணும்

"ஃபிளாஷ் பட்டா குழந்தைக்குக் கண் கெட்டுடுமா சார்?" என்று கேட்காத பாட்டி இல்லை. வீட்டுக் கேமராவின், செல்போனின் சாதாரண ஃபிளாஷ் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் பச்சைக் குழந்தையின் முகத்துக்கு நேராக, கிட்டத்தில், அடுத்தடுத்து அடிக்காதீர்கள். தூக்கம் கெடும், திடுக்கிடும். ஜன்னல் வெளிச்சம்தான் அழகு. குறைமாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கே சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் முன்னே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்குள் இருக்கிற விழித்திரையின் நிறம். கவலை இல்லை. ஆனால் ஒரு கண்ணில் சிவப்பும் மறு கண்ணில் வெள்ளையாக, பூனைக் கண் மாதிரி ஒரு பளபளப்பும் தெரிந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு கண்ணிலும் வெள்ளை தெரிந்தாலும் அப்படியே. பிறவிக் கண்புரை காரணமாக இருக்கலாம். விழித்திரையில் வருகிற 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல சமயம் பார்வையையும் காப்பாற்றிவிடலாம். தாமதமானால் இரண்டுக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் டெக்சாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா. அவருடைய மகனுக்குச் சில மாதக் குழந்தையாக இருக்கும்போது இந்த நோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருக்க, அவர் வீட்டில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிள்ளை பிறந்த சில நாட்களில் எடுத்த படத்திலேயே அந்த வெள்ளை ஒளி இருந்தது! அதன்பிறகு படங்களில் அந்த ஒளியைத் தேடும் ஒரு செயலியை அவருடைய குழு உருவாக்கியது. 2019ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருடைய பழைய படங்களில், மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக ஒன்றேகால் வருஷத்துக்கும் முன்பே அந்த ஒளி இருந்தது தெரியவந்தது. அந்தப் படங்களை எடுத்தவை சாதாரண வீட்டுக் கேமராக்கள்தான்.

அதனால் மாதம் ஒருமுறையாவது, கொஞ்சம் தள்ளி நின்று, பாப்பா நேராகப் பார்க்கும்போது ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'ரெட் ஐ' நீக்குகிற வசதியை அப்போது அணைத்துவிடுங்கள், அது உண்மையை மறைத்துவிடலாம். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போதும் சில சமயம் வெள்ளையாக விழும். பல நேரம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வெள்ளை தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல் படங்களில் ஒன்றுமே தெரியவில்லை என்பதற்காக, குழந்தை மருத்துவர் சொல்கிற கண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

எங்கே போவது? சென்னை எழும்பூரில் 1819ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. சங்கர நேத்ராலயா இருக்கிறது. தெற்கே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இதற்கு நாட்டு மருந்தோ, தாய்ப்பாலைக் கண்ணில் விடுவதோ கூடவே கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

வைத்தியருக்கு ஒரு சாட்சி

லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு 1841ல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். தன் கைக்குழந்தைக்குத் தலை திடீர் திடீரென்று முன்னால் குனிந்து குனிந்து எழுவதைப் பார்த்துப் பார்த்து, வார்த்தைகளால் விவரித்து, 'யாருக்காவது இது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். இன்றைக்கு அந்த நோய்க்கு அவர் பெயரே இருக்கிறது. அந்தத் தகப்பனிடம் அன்று இருந்தது பேனா மட்டும்தான். உங்களிடம் வீடியோ இருக்கிறது.

இந்த வகை வலிப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வரும். தூங்கி எழுந்தவுடன், தொடர்ச்சியாகப் பல முறை, தலை குனியும், கை கால் விரியும் அல்லது மடங்கும். வீட்டில் 'மாந்தம்', 'வயித்து வலி', 'சும்மா திடுக்கிடுது' என்று விட்டுவிடுவார்கள். என்னிடம் கொண்டுவந்தால் நான் மருந்து எழுதமாட்டேன். அந்த வீடியோவோடு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் உடனே அனுப்பிவைப்பேன். சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது மூளை வளர்ச்சிக்கு அவ்வளவு முக்கியம்.

ஆனால் ஒன்று, எந்த வலிப்பாக இருந்தாலும் முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். வீடியோவை இன்னொருவர் எடுக்கட்டும். உதவிக்கு ஆள் இல்லையென்றால் வீடியோ வேண்டாம், பிள்ளைதான் முக்கியம்.

நிறம் ஏமாற்றும்!

நாடி, தொடுவுணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்று எட்டு வகைத் தேர்வு சித்த மருத்துவத்தில் உண்டு. இதில் நிறத்தை மட்டும் கேமராவை நம்பிச் சொல்ல முடியாது. மஞ்சள் பல்பு, மஞ்சள் திரைச்சீலை, செல்போன் தானாகச் செய்கிற வண்ணத் திருத்தம், முகத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதி... எல்லாம் சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். படத்தை அனுப்பி 'மஞ்சள் காமாலை இருக்கா டாக்டர்?' என்று கேட்காதீர்கள். நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ காத்திருக்கவே கூடாது. 'பியூட்டி' வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். நம் பிள்ளையின் நிறம் நம் பிள்ளைக்கு அழகு!

பத்திரம்... பத்திரம்!

* செல்போனைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு குட்டி 'ரிமோட்' மலிவாகக் கிடைக்கிறது. அதற்குள் நாணயம் மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டை வாங்கவே வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* கேமராவின் கழுத்துப் பட்டை தொங்கும்படி மேஜை ஓரம் வைக்காதீர்கள். தவழும் பிள்ளை பிடித்து இழுக்கும், கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்.

* படத்தில் பார்த்ததுபோலக் கூடையில், உயரத்தில், கன்னத்தில் கை வைத்த மாதிரி பச்சைக் குழந்தையை வளைத்துவைத்து எடுக்க வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளை. பல சமயம் அந்தப் படங்களே இரண்டு மூன்றை ஒட்டிச் செய்தவை.

* கண்ணுக்குள் மை தீட்டி எடுக்காதீர்கள். திருஷ்டிப் பொட்டு கன்னத்தோடு நிற்கட்டும்.

என்னென்ன எடுப்பது?

கேமரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழர்கள் குழந்தைக்கு 'ஆல்பம்' போட்டிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் என்று அதற்குப் பெயர்! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக ஏழு பருவங்கள். ஐந்தாம் மாதம் வாக்கில் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் வாக்கில் கை கொட்டுவது சப்பாணி. பிறகு 'வா வா' என்றால் தளர்நடை போட்டு வருவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. பட்டியல் ரெடி! ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படம், ஒரு சின்ன வீடியோ எடுத்துவிடுங்கள். குழந்தையின் வளர்ச்சி சரியாகப் போகிறதா என்று வைத்தியரிடம் காட்டவும் அது உதவும்.

இன்னொரு முக்கியமான ஆள் படத்தில் விட்டுப்போகிறார். யார் தெரியுமா? எடுக்கிறவர்! பல வீட்டு ஆல்பத்தில் அம்மாவே இருக்கமாட்டார். "முகமெல்லாம் வீங்கியிருக்கு, தலை சீவலை, என்னை எடுக்காதீங்க" என்பார். ஐயா, கேட்காதீர்கள்... எடுங்கள்! பிற்காலத்தில் உங்கள் மகள் தேடப்போவது தலை சீவின அம்மாவை அல்ல. தூக்கம் கெட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மாவை. அதேபோல் அப்பாவையும் அம்மா எடுக்கட்டும். தாத்தா, பாட்டியோடு ஒன்று கட்டாயம்.

எடுத்தது நிலைக்க வேண்டாமா?

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம்தான். யோசித்து யோசித்துத்தான் எடுப்பார்கள். அந்த 36ம் இன்றும் ஆல்பத்தில் இருக்கின்றன. இப்போது ஒரே நாளில் முந்நூறு எடுக்கிறோம். செல்போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாமே போச்சு! "ஒரு வருஷப் படம் மொத்தமும் போயிடுச்சு சார்" என்று கண் கலங்குகிற தாய்மார்களைப் பார்க்கிறேன். கேமரா வாங்க வைத்த பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு படமும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். செல்போனில் ஒன்று. வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. வீட்டுக்கு வெளியே ஒன்று: இணையச் சேமிப்பிலோ, உங்கள் அம்மா வீட்டில் வைக்கிற இன்னொரு டிஸ்க்கிலோ. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டும்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

உங்கள் சொந்தக் குழந்தைப் பருவமே, பெற்றோரின் கல்யாணமே வீடியோ கேசட்டில் பரணில் கிடக்கிறதா? வீடியோ கேசட் ரெக்கார்டரைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. கேசட்டிலும் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிக் காட்ட இயந்திரம் கிடைக்கிறபோதே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, காகிதம். மாதத்துக்கு மூன்றே மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சடியுங்கள். வருஷத்துக்கு 36. ஒரு ரோல்! பின்னால் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.

இந்தக் காலத்துத் திருஷ்டி

"ஊர்க்கண் பட்டுடும், எல்லாருக்கும் காட்டாதே" என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். இன்றைக்கு ஊர்க்கண் என்பது இணையம். குளிப்பாட்டுகிற படம், துணியில்லாத படம், ஆஸ்பத்திரிச் சீட்டு தெரிகிற படம் எதையும் பொது இடத்தில் போடாதீர்கள். ஒருமுறை போட்டது திரும்பி வராது. செல்போன் கேமராவில் 'லொகேஷன்' பதிவதையும் அணைத்துவைக்கலாம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் தனியாக அனுப்பினால் போதுமே!

ஆக, வாங்கும் வரிசை இதுதான். முதலில் இருக்கிற செல்போனைத் துடைத்துச் சோதியுங்கள். அடுத்து ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பிறகு மாதம் மூன்று படம் அச்சடிக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். இவ்வளவும் செய்து, கையில் மிச்சமும் மனதில் ஆர்வமும் இருந்தால் மட்டும் தனிக் கேமரா பற்றி யோசியுங்கள். இன்று சாயங்காலம், எடுத்துவைத்திருக்கிற படங்களை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிரிப்பைப் பாருங்கள், அப்படியே அந்த இரண்டு கண்மணிகளையும் பாருங்கள்.